விளையாட்டுத் திடலில் முக்கோணம்: குறுக்கே அளக்கும் வழக்கத்தின் வரலாறு

புதுச்சேரியின் உழவர்கரை நகராட்சிப் பகுதியில், லாஸ்பேட்டை ஹெலிபேட் திடல் போன்ற திறந்த வெளிகளில் காலையில் நடப்பவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். நான்கைந்து இளைஞர்கள் முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, அளவு நாடாவை இழுத்துப் பிடித்து, சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுகிறார்கள். நீளம் அளக்கிறார்கள், அகலம் அளக்கிறார்கள். கடைசியில் ஒருவர் நாடாவை ஒரு மூலையில் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் எதிர் மூலைக்குக் குறுக்கே ஓடுகிறார்.

"நான்கு பக்கமும் சரியாக இருக்கிறதே சார், பிறகு எதற்குக் குறுக்கே அளக்க வேண்டும்?" கணித ஆசிரியராக இருந்த காலத்தில் மாணவர்கள் என்னிடம் பலமுறை கேட்ட கேள்வி இது. இதற்கான பதில் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்து, எழுதி வைத்து, விளையாட்டு விதிகளுக்குள் கொண்டுவர மனித இனம் எடுத்துக்கொண்ட காலம் ஏறக்குறைய நான்காயிரம் ஆண்டுகள். அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கு பக்கங்கள் ஏன் போதாது?

நான்கு குச்சிகளை முனைகளில் ஆணியடித்து ஒரு சட்டம் செய்யுங்கள். ஒரு மூலையைப் பிடித்துத் தள்ளினால் சட்டம் சாய்கிறது. பக்கங்களின் நீளம் மாறவில்லை, வடிவம் மாறிவிட்டது. செவ்வகமாக இருந்தது இணைகரம் ஆகிவிட்டது. மூன்று குச்சிகளால் செய்த முக்கோணச் சட்டத்தை இப்படிச் சாய்க்க முடியாது. மூன்று பக்கங்களின் நீளம் தெரிந்தால் முக்கோணத்தின் வடிவம் முற்றிலும் முடிவாகிவிடுகிறது. பள்ளியில் 'பக்கம்-பக்கம்-பக்கம்' என்று நாம் படிக்கும் சர்வசம விதி இதுதான். யூக்ளிடின் 'மூலங்கள்' நூலில் முதல் புத்தகத்தின் 8ஆம் முன்மொழிவாக இது வருகிறது.

குறுக்கே அளப்பவர் செய்வதும் இதுவே. மூலைவிட்டம் ஒன்றை அளந்தவுடன் நாற்கரம் இரண்டு முக்கோணங்களாகப் பிரிகிறது. அசையும் உருவம் அசையாத உருவம் ஆகிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. வாலிபால் எனப்படும் கைப்பந்து ஆடுகளம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்டது. நான்கு பக்கங்களையும் மிகச் சரியாக அளந்து போட்ட ஒரு களத்தில், குறுகிய பக்கம் 30 செ.மீ. மட்டும் சாய்ந்துவிட்டதாகக் கொள்வோம். சாய்வு 2 பாகைக்கும் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. பரப்பளவும் ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. ஆனால் ஒரு மூலைவிட்டம் 20.39 மீட்டர் ஆகிறது, மற்றொன்று 19.85 மீட்டர் ஆகிறது. வேறுபாடு 54 செ.மீ. இடப்பக்கத்திலிருந்து குறுக்கே அடிப்பவருக்கு ஒரு களம், வலப்பக்கத்திலிருந்து அடிப்பவருக்கு வேறொரு களம் என்று ஆகிவிடுகிறது. கோட்டுக்குள் விழுந்ததா வெளியே விழுந்ததா என்று ஒரு புள்ளிக்காக வாதாடும் ஆட்டத்தில் அரை மீட்டர் என்பது சிறிய அளவு அல்ல.

30 செ.மீ. பிழை 54 செ.மீ. வேறுபாடாகத் தெரிவதைக் கவனிக்க வேண்டும். மூலைவிட்டங்களை ஒப்பிடும்போது ஒன்று கூடுகிறது, மற்றொன்று குறைகிறது. அதனால் பிழை ஏறக்குறைய இரட்டிப்பாகிக் காட்சி தருகிறது. குறுக்கே அளக்கும் முறையின் வலிமை இது.

பாபிலோனும் எகிப்தும்

நிலத்தில் செங்கோணம் அமைக்க முக்கோண எண்களைப் பயன்படுத்தியதற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளில் ஒன்று பாபிலோனிலிருந்து வருகிறது. சிப்பார் என்ற ஊரில் 1894ஆம் ஆண்டு அகழ்ந்தெடுக்கப்பட்ட ஒரு களிமண் பலகை இன்று இசுதான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.மு. 1900க்கும் 1600க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்த அது, ஒரு நிலப் பிரிவினையின் வரைபடம். அதன் எல்லைக் கோடுகள் 5-12-13, 8-15-17 போன்ற அளவுகளைக் கொண்டு செங்குத்தாக அமைக்கப்பட்டன என்று ஆத்திரேலியக் கணித அறிஞர் டேனியல் மான்சுபீல்டு 2021இல் விளக்கினார்.

எகிப்தைப் பற்றி நம் பாடங்களிலும் மேடைப் பேச்சுகளிலும் அடிக்கடி வரும் கதை வேறு. பன்னிரண்டு முடிச்சு போட்ட கயிற்றை 3-4-5 என்று இழுத்துப் பிடித்து எகிப்தியர் பிரமிடுகளுக்குச் செங்கோணம் அமைத்தார்கள் என்பது அக்கதை. எகிப்தில் கயிறு இழுத்து நிலம் அளந்தவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் 3-4-5 முடிச்சுக் கயிற்றைப் பயன்படுத்தியதாக எந்த எகிப்திய ஆவணமும் கூறவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கணித வரலாற்றாசிரியர் மோரிட்ஸ் காண்டோர், அவர்கள் இப்படிச் செய்திருக்கக்கூடும் என்று ஊகித்தார். ஊகம் நாளடைவில் செய்தியாகிவிட்டது.

எகிப்திலிருந்து நமக்குக் கிடைக்கும் உறுதியான பாடம் மாறானது. தாலமி மன்னர்கள் காலத்து எட்ஃபு கோயில் கல்வெட்டுகளில், நாற்கர நிலங்களின் பரப்பை எதிர்ப்பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கிக் கணக்கிட்டிருக்கிறார்கள். செவ்வகத்துக்கு இது சரி. சாய்ந்த நிலத்துக்குத் தவறு. ஒவ்வொரு பக்கமும் 10 அலகு கொண்ட சாய்சதுரத்தில் ஒரு கோணம் 60 பாகை என்றால் உண்மைப் பரப்பு 86.6, அந்த விதியோ 100 என்று சொல்லும். குறுக்கே அளக்காமல் நான்கு பக்கங்களை மட்டும் நம்பினால் நேரும் பிழை இது. வரி கட்டும் உழவருக்கு அந்த 13 பங்கு பெரிய இழப்பு.

சுல்ப சூத்திரங்களின் கயிறு

இந்தியாவில் இந்த அறிவு வேள்விக் களத்தில் வளர்ந்தது. 'சுல்பம்' என்ற சொல்லுக்கே கயிறு என்றுதான் பொருள். கி.மு. 800க்கும் 200க்கும் இடைப்பட்டவை என்று பொதுவாகக் கருதப்படும் சுல்ப சூத்திரங்களில் பௌதாயனர், ஆபத்தம்பர், காத்யாயனர் ஆகியோரின் நூல்கள் முக்கியமானவை. செவ்வகத்தின் குறுக்கே செல்லும் கயிறு உண்டாக்கும் சதுரப் பரப்பு, நீளமும் அகலமும் தனித்தனியே உண்டாக்கும் பரப்புகளின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்று பௌதாயனர் கூறுகிறார். அதாவது, பிதாகரஸ் தேற்றம் என்று நாம் படிப்பதையே அவர் செவ்வகத்தின் மூலைவிட்டத்தைக் கொண்டு சொல்கிறார். களத்தில் நிற்பவரின் மொழி அது.

மகாவேதி என்னும் பெரிய வேள்விக் களத்தைக் கயிற்றால் அமைக்கும் முறை, இன்றைக்கு ஒரு திடலில் கோடு போடுபவருக்கும் புரியக்கூடியது. கிழக்கு மேற்காக 36 அடி வைப்பு நீளத்தில் ஒரு நடுக்கோடு. மேற்குப் பக்கம் 30, கிழக்குப் பக்கம் 24. ஆபத்தம்பர் கூறும் வழியில், 36 அளவுள்ள கயிற்றோடு அதன் பாதியான 18ஐச் சேர்த்து 54 ஆக்குகிறார்கள். ஒரு முனையிலிருந்து 15இல் ஓர் அடையாளம். கயிற்றின் இரு முனைகளையும் நடுக்கோட்டின் இரு முளைகளிலும் கட்டி, அடையாளத்தைப் பிடித்து விறைப்பாக இழுத்தால் 15-36-39 முக்கோணம் உருவாகிறது. அங்கே செங்கோணம் தானாக அமைகிறது. மேற்கில் இருபுறமும் 15 வைத்தால் 30. கயிற்றை மாற்றிக் கட்டிக் கிழக்கில் இருபுறமும் 12 வைத்தால் 24.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மகாவேதி செவ்வகம் அன்று, இருசமபக்கச் சரிவகம். ஆனாலும் அதன் இரு மூலைவிட்டங்களும் சமம். கணக்கிட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றும் 45. ஆகவே "இரண்டு குறுக்களவும் சமமாக வந்துவிட்டது, களம் செவ்வகம்தான்" என்று முடிவு செய்வது தவறு. எதிர்ப்பக்கங்களும் சமமாக இருக்க வேண்டும், மூலைவிட்டங்களும் சமமாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் செவ்வகம். திடலில் அனுபவமுள்ளவர்களே சில வேளைகளில் தவறவிடும் இடம் இது.

தமிழ்நாட்டில் நூல் பிடித்தவர்கள்

சங்க இலக்கியத்திலும் கயிறு இட்டு அளந்தவர்களின் சித்திரம் இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில், அரண்மனை கட்டுவதற்கு இடம் வகுக்கும் பகுதி வருகிறது. நட்ட இரு கோல்களின் நிழல் எந்தப் பக்கமும் சாயாத நடுப்பகல் நேரம் பார்த்து, நூலறிந்தவர்கள் திசைகளைக் குறித்து, நுட்பமாகக் கயிறு இட்டு மனை வகுத்ததாக நக்கீரர் காட்டுகிறார். சுவர் எழும்புவதற்கு முன்பே நிலத்தில் கோடு சரியாக விழ வேண்டும் என்ற எண்ணம் அன்றே இருந்தது.

இன்றும் வீட்டுக்கு அடித்தளம் போடும் கொத்தனார் மூலைமட்டம் பார்க்கும்போது ஒரு கயிற்றில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்க்கிறார். இங்கே ஒரு தர்க்க வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். செங்கோணம் இருந்தால் 3, 4க்கு எதிரே 5 வரும் என்பது பிதாகரஸ் தேற்றம். 5 வந்தால் அங்கே செங்கோணம் இருக்கிறது என்பது அதன் மறுதலை. யூக்ளிட் இவற்றை முதல் புத்தகத்தில் 47, 48 என்று அடுத்தடுத்துத் தனித்தனியாக நிறுவுகிறார். தேர்வில் நாம் எழுதுவது பெரும்பாலும் 47. கொத்தனாரும் திடல் அமைப்பவரும் பயன்படுத்துவது 48.

பாஸ்கரர் கண்டித்த கேள்வி

"நான்கு பக்கமும் தெரியும், பரப்பைச் சொல்" என்ற கேள்வியை இந்தியக் கணிதம் நெடுங்காலம் விவாதித்தது. கி.பி. 628இல் பிரம்மகுப்தர் எதிர்ப்பக்கச் சராசரிகளைப் பெருக்கும் வழியைத் தோராய விதி என்று தெளிவாகப் பெயரிட்டு, அதற்குப் பக்கத்திலேயே ஒரு நுண்ணிய விதியையும் தந்தார். ஆனால் அந்த நுண்ணிய விதியும் வட்டத்துக்குள் அடங்கும் நாற்கரத்துக்கு மட்டுமே பொருந்தும்.

1150இல் லீலாவதி எழுதிய இரண்டாம் பாஸ்கரர் பிரச்சினையின் வேரைத் தொட்டார். பக்கங்கள் மாறாமலே மூலைவிட்டங்கள் மாறக்கூடும் என்று அவர் எடுத்துக்காட்டினார். ஒரு மூலைவிட்டத்தையோ செங்குத்துயரத்தையோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவனைப் பேய் என்றே கடிந்துகொண்டார். கேட்பவனைவிட அதற்குப் பதில் சொல்பவன் இன்னும் மோசம் என்பதும் அவர் தீர்ப்பு. குறுக்கே அளக்காமல் களத்துக்கு ஒப்புதல் தரும் நடுவர் யாராவது இருந்தால், பாஸ்கரரின் சொல் அவருக்கும் பொருந்தும்.

சங்கிலியும் மீட்டரும்

19ஆம் நூற்றாண்டில் முக்கோணம் நாட்டையே அளந்தது. வில்லியம் லாம்டன் 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலை அருகே ஏறக்குறைய 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோட்டை அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரித்துச் சென்றார். அவருக்காகக் கப்பலில் வந்த பெரிய கோணமானியைப் பிரெஞ்சுக்காரர்கள் வழியில் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டுபோனார்கள். அறிவியல் கருவி என்று அறிந்ததும் சென்னைக்கே அனுப்பிவைத்தார்கள். லாம்டன் தன் முக்கோணச் சங்கிலியின் கோடியில், பெங்களூருக்கு அருகில் 1804இல் இன்னோர் அடிக்கோட்டை நேரடியாகவும் அளக்கச் செய்தார். கணக்கில் வந்த நீளத்துக்கும் நிலத்தில் வந்த நீளத்துக்கும் சில அங்குல வேறுபாடே இருந்தது. கணக்கின் கடைசிப் பக்கத்தைக் கணக்கால் நிரப்பாமல் அளந்து சோதிப்பது என்ற இந்த ஒழுக்கம், திடலுக்கும் தேவை என்பதைப் பின்னர் பார்ப்போம்.

புதுச்சேரியை ஆண்ட பிரான்சு உலகுக்குத் தந்த மீட்டரும் முக்கோணங்களில் பிறந்ததுதான். டெலாம்பரும் மெஷேனும் 1792 முதல் டன்கிர்க்கிலிருந்து பார்சிலோனா வரை முக்கோணங்களால் அளந்த தூரமே அந்த அளவுக்கு அடிப்படையானது.

ஆங்கிலேய நில அளவையாளர்களின் அலகு வேறு. எட்மண்ட் குண்டர் 1620இல் வகுத்த சங்கிலி 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்டது. செங்கோணம் வேண்டுமானால் அதில் 24, 32, 40 கண்ணிகளில் இழுத்துப் பிடிப்பார்கள். மூன்றும் சேர்ந்து 96, சங்கிலிக்குள் அடங்கும். கிரிக்கெட் ஆடுபாதையின் 22 கெஜ நீளம் இந்த ஒரு சங்கிலிதான். மீட்டரில் அது 20.12. கைப்பந்துக் களத்தின் சரியான மூலைவிட்டமும் 20.12 மீட்டர். இரண்டுக்கும் இடையே 1 செ.மீ. வேறுபாடுகூட இல்லை. இது தற்செயல்தான். ஆனால் கிரிக்கெட் ஆடுபாதைக்கு வெட்டி வைத்த கயிறு கையில் இருந்தால், அதைக் கொண்டே கைப்பந்துக் களத்தைச் சோதித்துவிடலாம்.

விளையாட்டு விதிகளுக்குள் வடிவம்

தெருவில் சடுகுடு ஆடியவர்களுக்கு மணலில் காலால் இழுத்த ஒரு நடுக்கோடு போதும். எல்லை வேலியோ வாய்க்காலோதான். ஓர் ஊர் மற்றோர் ஊரோடு மோதத் தொடங்கிய பிறகே 'உங்கள் களம் பெரிது, எங்கள் களம் சிறிது' என்ற வழக்கு வந்தது. அச்சிட்ட விதி நூல்கள் அதற்கு விடையாக வந்தன. சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, களம் அமைக்கத் தெரிந்த உடற்கல்வி ஆசிரியர்களை இப்பகுதிக்குத் தந்த முன்னோடி நிறுவனம்.

எல்லாக் களங்களும் தொடக்கத்திலேயே செவ்வகமாக இருக்கவில்லை. 1874இல் வால்டர் விங்ஃபீல்டு அறிமுகப்படுத்திய புல்தரை டென்னிசுக் களம், வலைப்பக்கம் குறுகி இருமுனையிலும் அகன்ற, உடுக்கை போன்ற வடிவம் கொண்டது. 1877 விம்பிள்டன் போட்டியில்தான் அது செவ்வகமானது. புனேயில் 1870களில் விதி பெற்று வளர்ந்த இறகுப்பந்துக்கும் 1901 வரை அதே உடுக்கை வடிவம் இருந்தது. இன்றைய இறகுப்பந்து விதிநூல், பக்கங்களோடு மூலைவிட்டத்தையும் அச்சிட்டே தருகிறது: முழுக்களத்துக்கு 14.723 மீட்டர். நாற்கரத்துக்குக் குறுக்களவு சொல்லாமல் விடக்கூடாது என்ற பாஸ்கரரின் வழக்குக்கு ஏற்ற விதி இது.

நாம் அதிகம் ஆடும் களங்களின் மூலைவிட்டங்கள், மீட்டரில்:

கைப்பந்து, 18 × 9: மூலைவிட்டம் 20.12
பூப்பந்து, 24 × 12: மூலைவிட்டம் 26.83
கூடைப்பந்து, 28 × 15: மூலைவிட்டம் 31.76
இறகுப்பந்து, 13.40 × 6.10: மூலைவிட்டம் 14.72
கபடி, ஆண்கள், 13 × 10: மூலைவிட்டம் 16.40
கபடி, பெண்கள், 12 × 8: மூலைவிட்டம் 14.42
டென்னிசு, இரட்டையர், 23.77 × 10.97: மூலைவிட்டம் 26.18

தடகளத்தின் 400 மீட்டர் ஓடுபாதையிலும் உள்ளே ஒரு செவ்வகம் ஒளிந்திருக்கிறது. நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.50 மீட்டர் என்பதால், நேர்ப்பகுதிகள் இரண்டும் 73 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. அந்தச் செவ்வகத்தின் மூலைவிட்டம் 111.58 மீட்டர். இது தவறினால் இரு வளைவுகளும் ஒன்றையொன்று நேராகப் பார்க்காது.

எறிதல் போட்டிகளில் முக்கோணம் இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. குண்டு, வட்டு, சங்கிலிக் குண்டு ஆகியவை விழ வேண்டிய பகுதியின் கோணம் 34.92 பாகை. கேட்பவருக்கு இது வினோதமான எண். காரணம் எளியது. வட்டத்தின் மையத்திலிருந்து 20 மீட்டர் தூரத்தில் இரு கோடுகளுக்கும் இடையே சரியாக 12 மீட்டர் இருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கோணம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஈட்டி எறிதலில் 28.96 பாகை, 20 மீட்டரில் இடைவெளி 10 மீட்டர். கோணமானி இல்லாத பள்ளியிலும் நாடா ஒன்றே போதும் என்பதற்காக, கோணத்தைச் சொல்லும் விதி முக்கோணமாகவே எழுதப்பட்டிருக்கிறது. 2021 ஆகத்து 7 அன்று டோக்கியோவில் நீரஜ் சோப்ரா எறிந்த ஈட்டி 87.58 மீட்டர் சென்றது. எறிகோட்டு வில்லின் ஆரம் 8 மீட்டர் என்பதைச் சேர்த்தால், அது விழுந்த தூரத்தில் இரு கோடுகளுக்கும் இடையே ஏறக்குறைய 47.8 மீட்டர் அகலம் இருந்திருக்கும்.

செய்யுள் விதியைத் திடலில் சோதித்தல்

தமிழில் ஒரு செய்யுள் பரவலாகச் சுற்றி வருகிறது. வர்க்கமூலம் இல்லாமலே கர்ணம் காணும் வழியைப் போதாயனார் சொன்னதாக அதைப் பகிர்கிறார்கள். நீண்ட பக்கத்தை எட்டாகப் பங்கிட்டு ஒரு பங்கைத் தள்ளி, மீதியோடு குறுகிய பக்கத்தின் பாதியைச் சேர்த்தால் கர்ணம் கிடைக்கும் என்பது அதன் கருத்து. 3-4-5க்கும் 5-12-13க்கும் இது மிகச் சரியாக வருகிறது. அதனால் "பிதாகரஸ் தேற்றத்தைவிட எளியது" என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

திடலில் வைத்துப் பார்ப்போம். கைப்பந்துக் களத்துக்கு இவ்விதி தருவது 20.25; உண்மை 20.12. பூப்பந்துக்கு 27.00, உண்மை 26.83. கூடைப்பந்துக்கு 32.00, உண்மை 31.76. பிழை முறையே 13, 17, 24 செ.மீ. ஆண்கள் கபடிக் களத்தில் மட்டும் பிழை 3 செ.மீ. அளவுக்குள் நிற்கிறது. 20.25 என்ற அளவை நம்பிக் கைப்பந்துக் களத்தின் இரு மூலைவிட்டங்களையும் போட்டால், எதிர்ப்பக்கம் 18 மீட்டருக்குப் பதில் 18.28 மீட்டராக விரிந்து, களம் மகாவேதி போலச் சரிவகம் ஆகிவிடும்.

அது நல்ல தோராய விதி, மனக்கணக்குக்கு உதவும். ஆனால் தேற்றத்தின் இடத்தில் அதை வைக்கக் கூடாது. பௌதாயனரின் சுல்ப சூத்திரம் வடமொழி நூல். அதில் இருப்பது தோராயம் அன்று, முழுத் தேற்றமே. அவர் சரியாகச் சொன்னதை விட்டுவிட்டு, ஏறக்குறையச் சரியான ஒன்றை அவர் பெயரால் பெருமையாகப் பகிர்வது அவருக்கும் பெருமை சேர்க்காது.

திடலில் செய்யும் முறை

கைப்பந்துக் களத்தை இரண்டு நாடாக்களோடு அமைக்கும் வழி இது. முதலில் 18 மீட்டர் நீளத்தில் ஒரு பக்கக் கோட்டை இழுத்து, அதன் முனைகளில் அ, ஆ என்று முளை அடிக்க வேண்டும். அ-விலிருந்து 9 மீட்டரும் ஆ-விலிருந்து 20.12 மீட்டரும் இழுத்து, இரு நாடாக்களும் விறைப்பாகச் சந்திக்கும் இடத்தில் ஈ என்ற முளை. பிறகு ஆ-விலிருந்து 9, அ-விலிருந்து 20.12 இழுத்து இ என்ற முளை. கடைசியாக இ-க்கும் ஈ-க்கும் இடையே அளக்க வேண்டும். அது 18 வந்தால் களம் சரி.

கடைசி அளவே முக்கியமானது. முன் அளவுகள் எல்லாம் நாமே வைத்தவை. இது மட்டும் களம் நமக்குத் தரும் பதில். லாம்டன் இரண்டாவது அடிக்கோட்டை அளந்து பார்த்தது இதற்காகத்தான். இங்கே சில செ.மீ. தவறினால், முளையைச் சற்றே நகர்த்திச் 'சரி' செய்துவிடாமல், தொடக்கத்திலிருந்து அளப்பதே முறை.

3-4-5 முறையைப் பயன்படுத்துபவர்கள் முக்கோணத்தைப் பெரிதாக எடுக்க வேண்டும். 3, 4, 5 மீட்டரில் மூலைமட்டம் பிடிக்கும்போது 5இல் 1 செ.மீ. தவறினாலும், கோடு 18 மீட்டர் போய்ச் சேருகையில் 7.5 செ.மீ. விலகிவிடும். 6, 8, 10 மீட்டர் எடுத்தால் அதே 1 செ.மீ. பிழை 4 செ.மீ.க்கும் குறைவான விலகலையே தரும். நைலான் கயிறு இழுத்தால் நீளும் என்பதால், அளப்பதற்கு நாடாவும் கோடு போடுவதற்கு மட்டும் கயிறும் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

சிப்பார் நிலம், வேள்விக் களம், நெடுநல்வாடை அரண்மனை, பரங்கிமலை அடிக்கோடு, இன்றைய கைப்பந்துக் களம் ஆகிய எல்லாவற்றிலும் வேலை ஒன்றே: நிலத்தில் போட்ட கோட்டை நம்பாமல் முக்கோணத்தால் கேட்டுப் பார்ப்பது. உங்கள் பள்ளித் திடலில் ஏற்கெனவே ஒரு களம் இருந்தால், ஒரு நாடாவோடு நண்பர் ஒருவரை அழைத்துச் சென்று இரண்டு மூலைவிட்டங்களையும் நான்கு பக்கங்களையும் அளந்து பாருங்கள். பத்து நிமிட வேலை. களம் சாய்ந்திருந்தால் யாரையும் குறை சொல்லாமல், அடுத்த முறை கோடு போடும்போது குறுக்கே ஓடும் ஆளாக நீங்கள் இருங்கள்.